பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது? ஆய்வக விலங்குகளில் படிப்படியாக அறிய ஒரு முழு வழிகாட்டி

பொட்டாசியம் இல்லாத தீவனத்துக்கு ஓர் எலியை மாற்றினால், முதலில் சேதி சொல்வது தண்ணீர்ப் புட்டிதான். வழக்கமாக ஒரு நாளைக்குப் போதும் தண்ணீர் போதாமல் போகும். கூண்டுக்கு அடியில் சேரும் சிறுநீர் கூடும், நிறம் வெளுக்கும். அந்த நாட்களில் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். குறைவு வரப்போகிறது என்பது சிறுநீரகத்துக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

உடலியங்கியல், மருந்தியல், கால்நடை மருத்துவம் படிப்பவர்கள் இந்த ஆய்வைச் செய்யவோ, மற்றவர்கள் செய்ததைச் சரியாகப் படிக்கவோ இந்த வழிகாட்டி உதவும். இந்தத் துறையின் கட்டுரைகளில் பலரும் குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் சிறுநீரகம் பெருக்கிறது என்று இருக்கும், இன்னொன்றில் சிதைகிறது என்று இருக்கும். இரண்டும் உண்மை. மிச்சமிருக்கும் பொட்டாசியத்தைக் காப்பாற்றச் சிறுநீரகம் தன்னையே மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றமே நாளடைவில் அதைப் புண்ணாக்கத் தொடங்குகிறது. அதனால் எந்த அளவீட்டைக் கையில் எடுத்தாலும் "இது தற்காப்பா, சேதமா?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கேள்வியைச் சுற்றியவைதான்.

படி 1: எந்தக் குறைவைப் பற்றிப் பேசுகிறோம்?

உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. செல்லுக்குள் லிட்டருக்கு 140 முதல் 150 மில்லிமோல், வெளியே இரத்தத்தில் 4 மில்லிமோல் அளவில். நாம் ஊசியில் எடுத்துப் பார்ப்பது அந்தச் சிறு பங்கை மட்டும்தான்.

ஆகவே இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது வேறு, உடலின் இருப்பே குறைவது வேறு. இன்சுலின் கொடுத்தால் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடும், இரத்த அளவு இறங்கும், மொத்த இருப்பில் மாற்றம் இருக்காது. சிறுநீரகத்தில் நாள்பட வரும் மாற்றங்களைப் பார்க்க வேண்டுமானால் இருப்பைக் குறைத்தாக வேண்டும். ஃபியூரோசமைடு போன்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்தாலும், அல்டோஸ்டிரோன் வகை ஹார்மோனாலும் அதைச் செய்யலாம். ஆனால் அவற்றோடு சோடியத்தின் விளைவுகளும் கலந்துவிடும். உணவு வழியாகக் குறைப்பதுதான் இந்தக் கேள்விக்குச் சுத்தமான வழி.

படி 2: விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான தரவு எலியில் கிடைத்தது. 1937-லேயே ஷ்ரேடர், பிரிக்கெட், சால்மன் மூவரும் எலிகளில் பொட்டாசியக் குறைவின் அறிகுறிகளையும் திசு மாற்றங்களையும் பதிவு செய்தார்கள். 1942-ல் ஃபாலிஸ், ஓரென்ட்-கைல்ஸ், மெக்காலம் ஆகியோர் இதயத்திலும் சிறுநீரகத்திலும் வரும் புண்களை விவரித்தார்கள். அந்த அடித்தளம் இருப்பதால் எலியில் தொடங்குவது நல்லது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் பங்கைப் பார்க்க வேண்டுமானால் சுண்டெலி.

ஒரு விலங்கில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே நீட்டாதீர்கள். எலியிலும் மனிதரிலும் பொட்டாசியக் குறைவு இரத்தத்தைக் காரத்தன்மைப் பக்கம் தள்ளும். நாயில் அது லேசான அமிலத்தன்மையைத்தான் கொண்டுவருகிறது. திசுவிலும் இதே வித்தியாசம் உண்டு. மனிதரில் கண்ணில் படுவது அண்மைக் குழல் (சிறுநீரக நுண்குழலின் முதல் பகுதி) செல்களில் வரும் வெற்றிடக் குமிழிகள். எலியில் முக்கிய மாற்றமெல்லாம் அகணி எனும் உட்பகுதியில், நுண்குழல்களின் சிறுநீர் வந்து சேரும் சேகரிப்புக் குழாய்களில் நடக்கும்.

படி 3: தீவனத்தைச் சரியாக அமையுங்கள்

ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஏஐஎன்-93 என்ற சீர்ப்படுத்தப்பட்ட எலித் தீவனத்தில் கிலோவுக்கு 3.6 கிராம் பொட்டாசியம் இருக்கும். குறைவுத் தீவனத்தில் அதைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு தீவனங்களும் ஒரே அடிப்படைக் கலவையில் தயாராக வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தானியக் கட்டித் தீவனமும் சோதனைக் குழுவுக்குச் சீர்ப்படுத்திய தீவனமும் கொடுத்துவிட்டு, வந்த வித்தியாசத்தையெல்லாம் பொட்டாசியத்தின் கணக்கில் எழுதினால் அது தவறான முடிவு. புரதம், நார்ச்சத்து, அமிலச் சுமை எல்லாமே அங்கே மாறியிருக்கும்.

பொட்டாசியத்தை எந்த உப்பாகச் சேர்த்தார்கள், எந்த உப்பாக எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். பொட்டாசியம் சிட்ரேட்டை எடுத்தால் கூடவே ஒரு காரமும் போய்விடுகிறது. பொட்டாசியம் குளோரைடை எடுத்தால் குளோரைடு போய்விடுகிறது. அமில-கார நிலையை அளக்கப்போகிறவருக்கு இது சிறிய விஷயம் இல்லை. மெக்னீசியமும் போதுமான அளவு இருக்க வேண்டும். அது குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டுவிடும், அப்போது எந்தக் குறைவின் விளைவைப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

குடிநீர் அயனி நீக்கிய நீராக இருக்கட்டும். எலிகள் தங்கள் புழுக்கையையே தின்னும் பழக்கம் உள்ளவை, படுக்கைப் பொருளையும் கடிக்கும். இரண்டிலிருந்தும் பொட்டாசியம் திரும்பி உள்ளே போகும். இதை முழுதாகத் தடுக்க முடியாது. இரு குழுக்களுக்கும் ஒரே ஏற்பாடு இருந்தால் போதும்.

அப்புறம், ஜோடி உணவளிப்பு. குறைவுக் குழு எலிகள் சில நாட்களில் குறைவாகச் சாப்பிடத் தொடங்கும். கட்டுப்பாட்டுக் குழுவை இஷ்டம்போல் சாப்பிட விட்டால், கடைசியில் நாம் ஒப்பிடுவது பட்டினி எலியையும் வயிறு நிறைந்த எலியையும். முந்தைய நாள் குறைவுக் குழு தின்ற அளவை எடைபோட்டு, மறுநாள் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அதே அளவு கொடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இது இல்லாத ஆய்வில் எடை, வடிகட்டல், யூரியா பற்றிய எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

படி 4: நிறுத்தும் புள்ளியை முதலிலேயே எழுதிவையுங்கள்

நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் வலியுறுத்த விரும்புவது அதற்கு மேல் ஒன்று. இது வலி தெரியாமல் ஓடும் ஆய்வு இல்லை. தசை பலவீனமாகும், இதயத் தசையில் திசு இறக்கும், இதயத் துடிப்பு தாளம் தப்பும். எத்தனை சதவீத எடை இழப்பில் நிறுத்துவோம், நடை தள்ளாடினால் யார் முடிவெடுப்பார், யாருக்குத் தகவல் போகும் என்பதையெல்லாம் முதல் நாளுக்கு முன்பே காகிதத்தில் எழுதுங்கள். ரசலும் பர்ச்சும் 1959-ல் முன்வைத்த மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று கொள்கைகள் இங்கே நேரடியாகப் பொருந்தும். அக்வாபோரின் என்ற நீர்வாயில் புரதத்தின் மாற்றத்தை மட்டும் பார்க்க விரும்புகிறவருக்கு இரண்டு வாரம் போதும். அந்த விலங்கை 12 வாரம் வாட வைக்க ஒரு காரணமும் இல்லை.

படி 5: முதல் வாரத்தின் குறிப்பேடு

சிறுநீரைப் பிரித்துச் சேகரிக்கும் தனித்தனி மெட்டபாலிக் கூண்டில் விட்டு, இரண்டு மூன்று நாள் பழகிய பிறகு அளக்கத் தொடங்குங்கள். புதுக் கூண்டின் பதற்றமே சிறுநீர் அளவை மாற்றும். தினமும் ஒரே நேரத்தில் உடல் எடை, தின்ற தீவனம், குடித்த நீர், சிறுநீரின் கனஅளவு, அதிலுள்ள சோடியம், பொட்டாசியம், ஆஸ்மோலாலிட்டி (கரைந்துள்ள பொருள்களின் மொத்தச் செறிவு) ஆகியவற்றைக் குறியுங்கள்.

சிறுநீரில் பொட்டாசியம் சில நாட்களுக்குள் செங்குத்தாக இறங்கும். இது தற்காப்பு. சேகரிப்புக் குழாயில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதன்மைச் செல் வழக்கமாகப் பொட்டாசியத்தை வெளியே விடுவது; குறைவு வந்ததும் அது தன் வாயில்களை மூடிக்கொள்கிறது. இடைச்செருகு செல்லோ ஹைட்ரஜன்-பொட்டாசியம் பம்பை அதிகமாக்கி, போகவிருந்த பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. மால்னிக், குளோசே, கீபிஷ் ஆகியோர் 1964-ல் எலியின் நுண்குழல்களில் மெல்லிய கண்ணாடிக் குழாயால் குத்தித் திரவத்தை எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் வரும் பொட்டாசியத்தைத் தீர்மானிப்பது நுண்குழலின் பிற்பகுதியான சேய்மைப் பகுதிதான் என்பது அந்த வேலையால் உறுதியானது.

இதே வாரத்தில் சோடியத்தையும் கவனியுங்கள். பொட்டாசியம் குறையும்போது சேய்மைச் சுருள் குழலின் சோடியம்-குளோரைடு கடத்தி முடுக்கிவிடப்படுகிறது. செல்லின் பின்சுவரிலுள்ள பொட்டாசியம் வாயில் இரத்த அளவின் சரிவை உணர்கிறது. அதனால் செல்லுக்குள் குளோரைடு குறைகிறது. குளோரைடு குறைந்ததும் டபிள்யூஎன்கே என்ற நொதிக் குடும்பம் விழித்துக் கடத்தியை இயக்குகிறது. சோடியம் மேலேயே உறிஞ்சப்பட்டுவிட்டால் கீழே பொட்டாசியத்தை வெளியேற்றும் இடத்துக்குக் குறைவாகவே போய்ச் சேரும். பொட்டாசியம் மிஞ்சுகிறது, உப்பு உடலில் தங்குகிறது. இதன் விலை படி 10-ல் தெரியும்.

படி 6: இரத்தம் எடுக்கும்போது ஏமாறாதீர்கள்

என் முதல் ஆய்வில் மூன்றாம் வார எலி ஒன்றுக்குப் பொட்டாசியம் 6 மில்லிமோலுக்கு மேல் வந்தது. ஒரு நாள் முழுக்க எல்லோரும் தீவனத்தைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் குழாயில் பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தது. எலியின் சிவப்பணுக்களில் பொட்டாசியம் நிறைய. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் அணுக்கள் உடைந்து மொத்தமும் வெளியே கொட்டிவிடும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாயில் எடுத்துச் சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். பொட்டாசியம் சேர்ந்த ஈடிடிஏ குழாய் இந்த ஆய்வு நடக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. சீரமும் வேண்டாம். இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் பொட்டாசியத்தைக் கக்கும், எலிக்குத் தட்டணுக்கள் மிக அதிகம். மயக்க மருந்தும் அது கொடுத்த நேரமும் எல்லா விலங்குக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு மூன்று வாரங்களில் பிளாஸ்மா அளவு 2 முதல் 2.5 மில்லிமோல் வரை இறங்குவதைப் பார்க்கலாம். உண்மையான இருப்பு தெரிய வேண்டுமானால் முடிவு நாளில் ஒரு எலும்புத்தசைத் துண்டை உலர்த்தி, கொழுப்பு நீக்கிய உலர் எடைக்கு எவ்வளவு பொட்டாசியம் என்று அளவிடுங்கள். அதிகம் இழப்பது தசை. இழந்த இடத்தில் சோடியம் புகும். மூளை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது.

படி 7: நீரைச் செறிவாக்கும் திறன்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பொறுமையாகப் பார்ப்போம்.

நலமான எலியிடமிருந்து ஒரு நாள் தண்ணீரை எடுத்துவிட்டால் அதன் சிறுநீர் கிலோவுக்கு 3,000 மில்லி ஆஸ்மோலை நெருங்கும். பொட்டாசியம் இழந்த எலியால் அது முடியாது. சிறுநீரைச் செறிவாக்கச் சொல்லும் ஹார்மோனான வாசோபிரெசினைக் கொடுத்தாலும் சரியாகாது. மூளை ஹார்மோனை அனுப்புகிறது, சிறுநீரகம் கேட்பதில்லை.

ஆனால் அந்த எலி நிறையக் குடிப்பதாலேயே நிறையப் போகிறதா, நிறையப் போவதால் குடிக்கிறதா? பெர்லும் அவரது குழுவினரும் 1977-ல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். குறைவு எலிகளின் நீரைக் கட்டுப்பாட்டு எலிகளின் அளவுக்கே மட்டுப்படுத்தியபோது சிறுநீர்ப் பெருக்கம் காணாமல் போனது. ஆனால் நீரை நிறுத்திச் சோதித்தால் செறிவாக்கும் குறை அப்படியே இருந்தது. ஆக இரண்டும் தனித்தனி: தாகம் தானாகவே கூடுகிறது, சிறுநீரகமும் தன் பங்குக்குத் திறனை இழக்கிறது. உங்கள் ஆய்வில் நீர் அளவைச் சமப்படுத்திய மூன்றாவது குழு ஒன்று இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். இந்தக் குழு இல்லாத கட்டுரையில் "பாலியூரியா" (சிறுநீர்ப் பெருக்கம்) என்று கண்டால் அதற்குச் சிறுநீரகமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள்.

திறன் ஏன் போகிறது? மார்பிள்ஸ், நீல்சன் உள்ளிட்டோர் 1996-ல் காட்டியது இது: 11 நாள் பொட்டாசியம் இல்லாமல் இருந்த எலிகளின் உள் அகணியில் அக்வாபோரின்-2 என்ற நீர்வாயில் புரதம் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. வாயிலே இல்லாவிட்டால் ஹார்மோன் வந்து கதவைத் தட்டி என்ன பயன்? செல் தன் அக்வாபோரினைத் தானே விழுங்கிச் செரிக்கும் தன்விழுங்கல் நிகழ்வு குறைவின் தொடக்க நாட்களிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. அகணியில் உப்பும் யூரியாவும் சேர்ந்து உருவாக்கும் செறிவுச் சரிவும் தளர்கிறது. அதனால் ஆஸ்மோலாலிட்டியை மட்டும் அளந்தால் போதாது. அகணித் திசுவின் செறிவையும் அக்வாபோரினையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 8: அமிலம், காரம், அம்மோனியா

பொட்டாசியம் செல்லை விட்டு வெளியேறும்போது சோடியமும் ஹைட்ரஜனும் உள்ளே போகின்றன. இரத்தம் காரமாகிறது, செல்லின் உள்ளே அமிலம் ஏறுகிறது. அண்மைக் குழல் செல் தன் உள் அமிலத்தைப் பார்த்து உடல் முழுவதும் அமிலமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு, குளூட்டமினிலிருந்து அம்மோனியாவை உற்பத்தி செய்து தள்ளும். இரத்தம் காரமாக இருந்தும் சிறுநீரில் அம்மோனியம் கூடுவது இதனால்தான். சிட்ரேட் குறைவதும் அதே காரணத்தால்.

சிறுநீரின் பிஎச்சை மட்டும் பார்த்து அமில வெளியேற்றத்தைக் கணிக்காதீர்கள். அம்மோனியா ஹைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அமிலம் நிறையப் போகும்போதுகூட பிஎச் உயரமாகவே இருக்கலாம். அம்மோனியத்தை நேரடியாக அளவிடுங்கள். சிறுநீர் திறந்து கிடந்தால் அது ஆவியாகும், பாக்டீரியாவும் யூரியாவை உடைக்கும். சேகரிப்புக் குப்பியில் மினரல் எண்ணெயும் ஒரு கிருமித் தடுப்பானும் இருக்கட்டும்.

படி 9: வடிகட்டல் வேகம்

பொட்டாசியக் குறைவு நீடிக்கும்போது எலியின் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டமும் குளோமருலஸ் (இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய் முடிச்சு) வடிகட்டல் வேகமும் குறைகின்றன. ஆஞ்சியோடென்சின், திராம்பாக்சேன் போன்ற குழாய்ச் சுருக்கிகளுக்கு இதில் பங்கு உண்டு. கிரியாட்டினின் இதைச் சரியாகக் காட்டாது. இந்த எலிகள் தசையை இழந்துகொண்டிருக்கின்றன, கிரியாட்டினின் தசையிலிருந்துதான் வருகிறது. வடிகட்டல் குறைந்தும் கிரியாட்டினின் சாதாரணமாகத் தெரியலாம். வடிகட்டலால் மட்டுமே வெளியேறும் இனுலினின் வெளியேற்றம் அல்லது அதுபோன்ற ஒளிரும் சினிஸ்ட்ரினைத் தோல் வழியே கண்காணிக்கும் முறையைப் பயன்படுத்துங்கள்.

படி 10: சிறுநீரகத்தை எடுத்துப் பார்ப்பது

முதலில் தராசு. குறைவு எலியின் உடல் வளர்ச்சி நின்றுபோயிருக்கும், சிறுநீரகம் மட்டும் பெருத்திருக்கும். 1953-ல் புரோக்கா இந்தப் பெருக்கத்தையும் அதிகத் தாகத்தையும் சேர்த்தே விவரித்தார். உடல் எடைக்கான விகிதத்தை மட்டும் தந்தால் எடை இழப்பாலேயே விகிதம் ஏறியிருக்கலாம். சிறுநீரகத்தின் நேர் எடையையும் கொடுங்கள்.

வெட்டும்போது புறணி (சிறுநீரகத்தின் வெளிப்பகுதி), வெளி அகணி, உள் அகணி மூன்றும் ஒரே வெட்டில் தெரிய வேண்டும். பெருக்கம் மிகத் தெளிவாகத் தெரிவது வெளி அகணியின் உள்பட்டையில். சேகரிப்புக் குழாய்ச் செல்கள் பெருகியிருக்கும், இடைச்செருகு செல்கள் குழாயின் உள்வெளியையே அடைக்கும் அளவுக்கு உப்பியிருக்கும். அகணியின் நுனியான பாப்பில்லாவில் பிஏஎஸ் என்ற சாயத்தை ஏற்கும் துகள்கள் செல்களில் நிறைந்திருக்கும், அவை செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்கள். புறணியை மட்டும் வெட்டிப் பார்த்து "மாற்றம் இல்லை" என்று எழுதியவர்கள் உண்டு. எலியில் பார்க்க வேண்டிய இடமே அது இல்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலும் தற்காப்பு. வாரங்கள் கூடும்போது சேதம் தலைகாட்டும்: குழல்கள் விரியும், இடைத்திசுவில் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து குவியும், கொலாஜன் படியும். தற்காப்பையும் சேதத்தையும் இணைக்கும் பாலம் அம்மோனியாவாக இருக்கலாம் என்பதற்கு அழகான சான்று 1987-ல் வந்தது. டோலின்ஸும் ஹாஸ்டெட்டர் என்ற பெயருள்ள இருவரும் குறைவு எலிகளுக்குப் பைகார்பனேட் கொடுத்து அம்மோனியா உற்பத்தியைத் தணித்தார்கள். பொட்டாசியம் குறைவாகவே இருந்தும் சிறுநீரகப் பெருக்கமும் திசுச் சேதமும் மட்டுப்பட்டன. திசுவில் கூடிய அம்மோனியா நோயெதிர்ப்பு அமைப்பின் காம்ப்ளிமென்ட் புரதத்தைத் தூண்டி அழற்சியை மூட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். முழுக் கதையும் இதுவே என்று நான் சொல்ல மாட்டேன். இரத்த ஓட்டக் குறைவும் நுண்குழாய்களின் இழப்பும் சேர்ந்தே நடக்கின்றன. ஆனாலும் தற்காப்பைத் தணித்துச் சேதம் குறைகிறதா என்று கேட்ட அந்த வடிவமைப்பை எந்த மாணவருக்கும் முன்மாதிரியாகக் காட்டுவேன்.

2001-ல் வந்த நீண்டகால ஆய்வுகள் இன்னொரு கதவைத் திறந்தன. வாரக்கணக்கில் பொட்டாசியம் இழந்த எலிகளின் சிறுநீரகத்தில் குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் போன்றவை கூடின, விரிக்கும் காலிக்ரீன் குறைந்தது. இளம் எலிகளில் இரத்த அழுத்தமும் ஏறியது, உப்புக்கு அழுத்தம் எளிதில் உயரும் தன்மையும் வந்தது. படி 5-ல் பார்த்த உப்புத் தேக்கம் இங்கே வந்து சேர்கிறது.

படி 11: பொட்டாசியத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மீட்புக் குழு இல்லாமல் இந்த ஆய்வு பாதி ஆய்வுதான். குறைவுக் குழுவில் ஒரு பகுதியைச் சாதாரணத் தீவனத்துக்குத் திருப்பி, அதே அளவீடுகளைத் தொடருங்கள். மார்பிள்ஸ் குழுவின் எலிகளில் 7 நாட்களில் அக்வாபோரின்-2 பழைய அளவுக்கு வந்தது, சிறுநீர் அளவும் இறங்கியது. பெருக்கம் மெதுவாகக் குறையும். இடைத்திசுவில் விழுந்த வடு அப்படிக் குறைவதில்லை, உப்புக்கு ஏறும் இரத்த அழுத்தமும் பொட்டாசியம் சரியான பிறகுகூடத் தங்கிவிடலாம்.

திரும்பக் கொடுக்கும்போது ஊசி வழி அவசரம் வேண்டாம். பட்டினி கிடந்த இதயத்துக்குத் திடீர்ப் பொட்டாசியம் ஆபத்து. தீவனம் வழியே வரட்டும். மீட்பின் 1, 3, 7, 14-ஆம் நாட்களில் சிறுநீரும், கடைசி நாளில் திசுவும் எடுங்கள். எந்தெந்த அளவீடு பழைய நிலைக்குத் திரும்பியது, எது திரும்பவில்லை என்று இரண்டு பத்திகளாக எழுதிப் பாருங்கள். முதல் பத்தியில் இருப்பவை தற்காப்பு, இரண்டாவதில் இருப்பவை சேதம்.